கேரவன் வண்டிக்கு பேட்டரி: எத்தனை ஏஎச் என்பது இரண்டாவது கேள்வி

கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி என்று வண்டி கட்டுவதே தொழிலாக இருக்கும் நாடு நம்முடையது. இங்கே ஒருவருக்குக் கேரவன் ஆசை வந்தால், அதை நிறைவேற்றிக் கொடுக்கப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பழைய டெம்போ டிராவலர் ஒன்றைப் பிடித்து, சீட்டைக் கழற்றி, படுக்கை, சின்ன அடுப்படி, ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். வால்பாறை, கொல்லிமலை, ஏற்காடு என்று போகிறவர்கள் உண்டு. குலதெய்வம் கோயில் பொங்கலுக்குப் போய் வண்டியிலேயே குடும்பத்தோடு இரண்டு நாள் தங்குகிறவர்களும் உண்டு. வண்டி மின்வேலையும் சோலார் வேலையும் செய்கிற என்னிடம் இவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஏனுங்ண்ணா, நூத்தம்பது ஏஎச் போட்டாப் போதுங்களா?" ஏஎச் என்றால் ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு.

பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் செலவாகும்? செலவானதை மறுநாள் எதை வைத்து நிரப்புவீர்கள்? முதல் கேள்விக்கு ஏதாவது பதில் வரும். இரண்டாவதற்கு, "மேலே சோலார் போட்டுக்கலாமுங்க" என்பதோடு சரி. தோட்டம் வாங்க வரும் வெளியூர்க்காரர் கிணறு எத்தனை அடி ஆழம் என்று கேட்பார். பண்ணயம் பார்க்கிறவர் ஊற்று எப்படி என்றுதான் கேட்பார். பேட்டரியும் அப்படித்தான். எங்கள் பட்டறைக்குச் செத்துப்போய் வருகிற கேரவன் பேட்டரிகளில் அதிகம் உழைத்துச் செத்தவை குறைவு. முழுசாக நிறையாமலே வாரக்கணக்கில் கிடந்து செத்தவைதான் நிறைய.

வண்டியில் ஏற்கெனவே இருக்கிற பேட்டரியிலேயே லைட், ஃபேன் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அது செல்ஃப் எடுப்பதற்கான பேட்டரி. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ள வேண்டும் என்பதற்காக உள்ளே மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் அந்தத் தகடு தாங்காது. பத்து இருபது முறை அடிவரை இறங்கினாலே திறன் கண்ணுக்குத் தெரிந்து குறையும். ஆழமாக இறங்கி ஏறும் வேலைக்குத் தடித்த தகடு வேண்டும். அதைத்தான் டீப் சைக்கிள் பேட்டரி என்கிறார்கள். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ட்யூபுலர் பேட்டரி அந்த வகைதான். தங்கும் வண்டிக்கு செல்ஃப் பேட்டரி தனி, வீட்டு உபயோக பேட்டரி தனி. இதில் சமரசம் கிடையாது. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் கொல்லிமலை உச்சியில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம். நான்கு பேர் குடும்பம், சித்திரை வெயில் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், நம் ஊர் சூட்டில் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்கு மேல் எடுக்கும். 20 வாட் ஃபேன் இரண்டு, ஒன்பது மணி நேரம் ஓடினால் 360 வாட் அவர் (ஆயிரம் வாட் அவர் ஒரு யூனிட்). எல்இடி லைட், மொபைல், ஒரு லேப்டாப், தண்ணீர் பம்ப், காலையில் சட்னிக்கு ஐந்து நிமிடம் மிக்ஸி, இவையெல்லாம் சேர்ந்து ஒரு 300. மொத்தம் 1.2 யூனிட். இன்வெர்ட்டரிலும் வயரிலும் போகும் நஷ்டத்தைச் சேர்த்து 1.4 யூனிட் என்று எடுத்துக்கொள்கிறேன். இதில் இண்டக்‌ஷன் அடுப்பும் ஏசியும் இல்லை. 2000 வாட் இண்டக்‌ஷனை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 175 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அதற்குத் தகுந்த வயரும் ஃப்யூஸும் பேட்டரியும் வேண்டும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் 5 யூனிட் சுலபமாகப் போய்விடும். ஏசி கட்டாயம் வேண்டும் என்பவர், பிளக் பாயிண்ட் இருக்கும் இடமாகப் பார்த்துத் தங்குவது நல்லது. சமையலுக்கு கேஸ் அடுப்பே போதும் என்பது என் கட்சி.

ஒரு நாள் வெயிலே இல்லாவிட்டாலும் தாங்க வேண்டும் என்றால் 2.8 யூனிட் கையில் இருக்க வேண்டும். இங்கேதான் பேட்டரி மேல் எழுதியிருக்கும் எண் ஏமாற்றும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இறக்கினால் ஆயுள் போகும். அப்படியானால் 2.8 யூனிட் எடுக்க 5.6 யூனிட் பேட்டரி வேண்டும். ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கினால் வாட் அவர்; 12 வோல்ட் 150 ஏஎச் ட்யூபுலர் ஒன்று 1.8 யூனிட், மூன்று வைத்தால்தான் ஏறக்குறைய கணக்குக்கு வரும். ஒன்று அமிலத்தோடு 60 கிலோ சுற்று இருக்கும். மூன்றும் சேர்ந்தால் 180 கிலோ. இரண்டு பெரிய ஆட்களையும் ஒரு பொடிசையும் எப்போதும் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 90 சதவீதம் வரை எடுக்கலாம். 12.8 வோல்ட்டில் 280 ஏஎச் போதும், எடை 30 கிலோ சுற்றுதான்.

எண்ணைப் படிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். 150 ஏஎச் என்பதற்குப் பக்கத்தில் சி20 என்றிருந்தால், 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் கிடைக்கும் அளவு அது. சி10 என்றிருந்தால் 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம். ஈய பேட்டரியில் வேகமாக எடுக்க எடுக்க மொத்தமாகக் கிடைப்பதே குறையும். ஆகவே 150 சி20 போட்ட பேட்டரியும் 150 சி10 போட்ட பேட்டரியும் ஒன்றில்லை. சி10 பேட்டரிதான் பெரியது. கடைக்காரர் இதை அவராகச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனி நிரப்பும் கதை. வண்டிக் கூரையில் 400 வாட் பேனல் போடலாம். நல்ல வெயிலில், தட்டையாகப் படுத்திருக்கும் பேனல், அதுவும் சூடேறிப்போன பேனல், ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குள்தான் தரும். அன்றைய செலவுக்கும் அதற்கும் சரியாகப் போகும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பேனலுக்கு வெயில் வேண்டும், உள்ளே இருக்கும் மனிதனுக்கு நிழல் வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் வண்டியை விட்டால் ஆளுக்குச் சுகம், பேனலுக்குப் பட்டினி. ஒரு மட்டையின் நிழல் பேனலின் மூலையில் விழுந்தாலும் வரவு பெருமளவு சரியும். உள்ளே செல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருப்பதால் ஒன்று தடைபட்டால் மற்றதும் தடைபடும். கூரையில் பாதியும், மடக்கி எடுத்து வெயிலில் வைக்கிற பேனலாக மீதியும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்வது. பத்து மீட்டர் கேபிள் இருந்தால் வண்டி நிழலில், பேனல் களத்தில். ஆனி, ஆடியில் வால்பாறை போகிறவர்கள் சோலாரை மறந்துவிடலாம். தென்மேற்குப் பருவமழை அங்கே அடித்துப் பெய்யும். நாள் கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது.

அப்போது கை கொடுப்பது, இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர். அதிலிருந்து வருவதை வீட்டு பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டேஜில் அளவோடு கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர், 30 ஆம்பியரில் ஒன்று போட்டிருந்தால், கோவையிலிருந்து வால்பாறை போகும் மூன்று மணி நேரத்துக்கு மேலான ஓட்டத்தில் ஒரு யூனிட்டுக்கு மேல் உள்ளே போய்விடும். செலவைக் குறைக்கிறேன் என்று இந்தச் சார்ஜரை விட்டுவிட்டு ஒரு ரிலே வழியாக நேராக இணைப்பது இன்னும் நடக்கிறது. ஈய பேட்டரிக்கு ஒருவகையில் ஓடும். லித்தியத்துக்கு ஓடாது. லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் மெதுவாக ஏறும்போது ஆல்டர்னேட்டருக்குக் காற்றும் குறைவு, சுமையும் முழுசு, சூடேறிக் கருகும். பேட்டரி நிறைந்ததும், அதற்குள் காவலுக்கு இருக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் சட்டென்று துண்டித்தால், வோல்ட்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடு கெட்டுப்போகும். போதாக்குறைக்கு பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர், டீசல் மிச்சம் பிடிக்க வோல்ட்டேஜைத் தானே இறக்கிக்கொள்ளும். நேர் இணைப்பில் அந்த வண்டியில் வீட்டு பேட்டரி ஒருநாளும் நிறையாது.

மூன்றாவது வழி பிளக். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் ரோட்டோரம் நிறுத்தித் தங்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதனால் பலரும் தங்குவது எஸ்டேட்டிலோ, தெரிந்தவர் தோட்டத்துச் சாளையிலோதான். அங்கே வீட்டு இணைப்பிலிருந்து எடுங்கள். மோட்டார் ரூம் பெட்டியிலிருந்து கொக்கி போட வேண்டாம். பாசனத்துக்கென்று கொடுத்த இலவச மின்சாரத்தை வேறு காரியத்துக்கு எடுத்தால் தோட்டக்காரருக்குத்தான் வம்பு வரும். எர்த் சரியில்லாத இணைப்பில் இரும்பு பாடி வண்டியைச் சேர்ப்பது உயிருக்கே ஆபத்து. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்று வண்டிக்குள் கட்டாயம் இருக்கட்டும்.

ஈயமா லித்தியமா என்ற கேள்விக்கு இதிலேயே பதில் பாதி வந்துவிட்டது. ஈய பேட்டரி 80 சதவீதம் வரை ஒழுங்காக ஏறும்; கடைசி 20 சதவீதம் மணிக்கணக்கில் இழுக்கும். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நான்கு வரை கிடைக்கும் வெயிலில் அது முடியாது. தினமும் குறையாகவே நின்றால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். இறுகியது திரும்பக் கரைவது கடினம். லித்தியத்துக்கு முக்கால்வாசி நிறைந்து நிற்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. சோலாரை நம்பி ஊர் ஊராகத் தங்குகிறவருக்கு லித்தியம்தான் ஏற்றது என்று நான் நினைப்பதற்கு, எடையைவிட இதுதான் பெரிய காரணம்.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும், அதுவும் கரண்ட் இருக்கும் இடமாகப் பார்த்துப் போகிறவர் லித்தியத்துக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. அவருக்கு ஏஜிஎம் வகை, அதாவது மூடி சீல் வைத்த ஈய வகை, டீப் சைக்கிள் பேட்டரி ஒன்று போதும். விலை லித்தியத்தைவிடக் குறைவு, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, வளைவில் அமிலம் சிந்தாது. ட்யூபுலர் வீட்டுக்கு அருமையான பேட்டரி. படுக்கைக்குக் கீழே வைப்பதற்கு மட்டும் ஆகாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். மூடிய இடத்தில் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். வைத்தே ஆக வேண்டும் என்றால் வண்டிக்கு அடியில், வெளிக்காற்று போய்வரும் பெட்டியில் வையுங்கள்.

வெயிலையும் குளிரையும் பற்றி இரண்டு வார்த்தை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் சுமார் பாதியாகும். ஈரோடும் கரூரும் 40 தொடும் ஊர்கள். லித்தியத்துக்கும் சூடு பிடிக்காது, அதனால் இன்ஜின் பக்கம் எதையும் வைக்காதீர்கள். மார்கழியில் ஊட்டிக்குப் போய் உறைபனி பார்க்க நினைப்பவர், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜைத் தானே நிறுத்திவிடும் பிஎம்எஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல் உள்ளுக்குள் நிரந்தரமாகக் கெடும்.

லித்தியம் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டிய காலம் இது. எங்கேயோ ஓடித் தேய்ந்த செல்லுக்குப் புது நீல உறை மாட்டி, புதிது என்று பேக் கட்டி விற்பது நடக்கிறது. விலை மற்றவர்களைவிட ரொம்பக் குறைவாகச் சொன்னாலே சந்தேகப்படுங்கள். சோதிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 100 ஏஎச் பேட்டரியை முழுசாக ஏற்றி, 10 ஆம்பியர் டிசி லோடு கொடுத்தால் பத்து மணி நேரம் ஓட வேண்டும். ஏழு மணி நேரத்தில் கட் ஆனால் திருப்பிக் கொடுங்கள். "டெஸ்ட் எல்லாம் பண்ண முடியாதுங்க" என்கிற கடையில் வாங்காதீர்கள். பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். 100 ஆம்பியர் பிஎம்எஸ்ஸை வைத்துக்கொண்டு 2000 வாட் இன்வெர்ட்டரை முழு லோடில் ஓட்ட முடியாது. மின்சார ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பேக்கை மலிவாகக் கொண்டுவந்து மாட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் பல வேறு வேதியியல்; சூடு மிஞ்சினால் தீப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். குழந்தைகள் படுத்திருக்கும் கட்டிலுக்குக் கீழே அதை வைக்க எனக்கு மனசு வராது, மாட்டித் தருவதும் இல்லை.

வயரிங்கில் ஒரே ஒரு விஷயம் பேசுகிறேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். பெரிய லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். சாதாரண கார் ஃப்யூஸ் அதை அறுக்காது, கிளாஸ் டி (Class T) வகை வேண்டும். தகடு ஓட்டை வழியாகப் போகும் ஒவ்வொரு கேபிளுக்கும் ரப்பர் குரோமெட் போடச் சொல்லுங்கள். ஆட்டத்தில் இன்சுலேஷன் தேய்ந்து பாடியைத் தொடுவதுதான் பல தீக்கு ஆரம்பம். ஆர்சி புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றிக் கட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். ஆர்டிஓ ஆபீஸ் வேலையை முதலிலேயே முடித்துவிடுங்கள், விபத்தானால் இன்சூரன்ஸ்காரர்கள் அங்கேதான் கை வைப்பார்கள்.

சுற்றிவிட்டு வந்து வண்டியை ஷெட்டில் விட்டதும் இன்வெர்ட்டரை மெயின் சுவிட்சில் அணைத்துவிடுங்கள். லோடே இல்லாமல் சும்மா ஆன் ஆகி நிற்கும் இன்வெர்ட்டர்கூட ஒரு நாளைக்கு 20 ஏஎச் சாப்பிடும். ஒரு வாரத்தில் உங்கள் நூத்தம்பது காலி. ஈய பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை முழுசாக ஏற்றுங்கள். நான்கு மணி நேரம் சும்மா விட்டு மீட்டர் வைத்தால் 12.7 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. லித்தியத்தை வோல்ட் மீட்டரில் நம்பாதீர்கள், காலியாகும் வரை அது 13 சுற்றியே காட்டும். உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பியரை ஷண்ட் வழியாக அளந்து கணக்கு வைக்கும் மானிட்டர் ஒன்று போட்டு, பாதிச் சார்ஜில் நிறுத்தி, நெகட்டிவ் லக்கைக் கழற்றி வையுங்கள்.