வெயிலில் நிற்கும் காரில் குடிதண்ணீர்

சித்திரை மாத மதியத்தில் சாலையோரம் நிறுத்திய காரின் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடிக்கும். கண்ணாடி வழியே வரும் வெயில் டேஷ்போர்டையும் சீட்டையும் சுட வைக்கிறது. அவை வெளியிடும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. சூடான காற்றுக்கும் போக வழியில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட அளவீட்டில், ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியிருந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது.

அந்தச் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரைக் குடிக்கலாமா? கடைத் தண்ணீர் வரும் பெட் (PET) வகைப் பிளாஸ்டிக் பாட்டில் தயாரிப்பில் வினையூக்கியாகச் சேரும் ஆண்டிமனி என்னும் நச்சுத் தனிமம், சூடு ஏற ஏறத் தண்ணீரில் கசியும். 2008-இல் வந்த அரிசோனா ஆய்வு ஒன்றின் கணக்குப்படி, கசிவு அமெரிக்கக் குடிநீர் வரம்பைத் தாண்ட 60 டிகிரியில் 176 நாள் ஆகும். 80 டிகிரியில் இரண்டு நாள் சொச்சம் போதும். ஆகவே ஒரு மதியம் காரில் இருந்த பாட்டிலுக்குப் பயப்பட வேண்டாம். கோடை முழுக்க டேஷ்போர்டில் காய்ந்ததைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை, வாய் வைத்துக் குடித்துவிட்டு மூடி வைத்த பாட்டில்தான். ஒவ்வொரு மடக்கிலும் கொஞ்சம் எச்சிலும் அதோடு பாக்டீரியாவும் உள்ளே போகின்றன. நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் கிருமியை அடக்கச் சிறிது குளோரின் மிச்சம் இருக்கும். சூட்டில் அது வேகமாகக் குறையும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலோ கார்பன் வடிகட்டியே அதை எடுத்துவிடுகிறது. பொழுது சாய்ந்து கார் 35 டிகிரி வாக்கில் தணியும்போது, கிருமி பெருகத் தோதான சூடு அமைந்துவிடுகிறது. அண்ணாந்து குடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே உண்மையிலேயே காப்பாற்றும்.

அன்றாடத்துக்கு ஓர் எவர்சில்வர் பாட்டில் போதும். தினமும் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு வைப்பது வேறு: சீல் உடைக்காத பாட்டில்கள், டிக்கியில், வெயில் படாதபடி துணி சுற்றி. வெள்ளத்திலோ நெடுஞ்சாலை நெரிசலிலோ மாட்டிக்கொண்டால், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று கணக்கு வையுங்கள். மாதம் ஒருமுறை அவற்றை வீட்டில் குடித்துத் தீர்த்துவிட்டுப் புதிதாக அடுக்கலாம்.

அப்புறம், ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள். பாட்டில் உருண்டு வந்து பிரேக் மிதிக்கு அடியில் சிக்கினால், எவ்வளவு அழுத்தினாலும் மிதி முழுசாக இறங்காது.