ஓடுகிற குதிரைக்கு ஏன் புரையேறுவதில்லை?

அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான அட்வென்டிஸ்ட் சபையின் ஆரம்பகால வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்த வாசகர் ஒருவர் ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தார். அந்தச் சபையை உருவாக்கியவர்களில் முக்கியமான ஜேம்ஸ் வைட், எலன் வைட் தம்பதியிடம் சார்லி என்றொரு குதிரை இருந்தது. ஆப்பிள் என்றால் அதற்கு உயிர். சாலையோரத் தோட்டத்துப் பழங்கள் வழியில் விழுந்து கிடந்தால், ஜேம்ஸ் லகானைத் தளர்த்திவிடுவாராம். சார்லி வேகத்தைக் குறைத்து, வாய்க்கு எட்டுகிற நல்ல பழமாகப் பார்த்துக் கவ்விக்கொண்டு, தலையை உயர்த்தி, மென்றபடியே மறுபடி ஓட்டம் பிடிக்குமாம். “ஓடும்போது மூச்சு வாங்குமே, வாயில் பழம் இருந்தால் புரையேறாதா?” என்பதுதான் கேள்வி.

ஏறாது. ஏன் ஏறாது என்பது, எனக்குத் தெரிந்தவரை, பாலூட்டிகளின் உடலமைப்பிலேயே மிக அழகான சங்கதிகளில் ஒன்று.

முதலில் சார்லி யார் என்று பார்த்துவிடலாம். 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்பி வருவார் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்களில் ஒரு சிறு கூட்டம், மனம் தளராமல் அமெரிக்காவின் வடகிழக்கில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தது. கையில் காசு கிடையாது. 1849-இல் ஜேம்ஸ் தன் முதல் பத்திரிகையை அச்சிட்டபோது அச்சகம் 8 மைல் தள்ளி இருந்தது. பல தடவை நடந்தே போய் வந்தார். பிறகு வெர்மான்ட் மாநில விசுவாசிகள் அன்பளிப்பாகக் கொடுத்த குதிரைதான் சார்லி. 1852-இல் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரிலிருந்து மெய்ன் மாநிலத்து பாங்கர் வரை, இரண்டு மாதப் பயணம். கூடு போட்ட வண்டி, நோயில் படுத்த மூன்று வயது மகன் எட்சன், இழுக்க ஒரே ஒரு சார்லி. தொடக்கத்திலேயே இரண்டு நாளில் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், கடக்க வேண்டியிருந்தது.

நடுப்பகலில் சாலையோரம் வண்டியை நிறுத்தி சார்லியை மேயவிடுவார்கள். குதிரையின் இரைப்பை உடம்பின் அளவுக்குச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தின்றாக வேண்டும். அந்த இடைவேளையில் ஜேம்ஸ் சாப்பாட்டுப் பெட்டியின் மூடிமேலோ தன் தொப்பிமேலோ தாளை வைத்துப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவார் என்று எலன் பதிவு செய்திருக்கிறார். ஆக, அந்தப் பத்திரிகையின் பக்கங்களில் சிலவற்றை ஒரு குதிரையின் பசிதான் எழுதவைத்தது.

சரி, ஆப்பிளுக்கு வருவோம். குதிரைக்குத் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அந்த இடம் குருட்டுப் புள்ளி. தூரத்திலிருந்தே பழத்தைக் கண்டு குறித்துக்கொண்டு, கிட்டே வந்ததும் உதட்டு மயிர்களாலும் மேலுதட்டாலும் தடவித்தான் எடுக்கும். அந்த மேலுதடு விரல் மாதிரி மடங்கும், நீளும். கடிவாளக் கம்பியும் தடையில்லை. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு, கம்பி உட்காருவது அங்கேதான். அதனால் கடைவாய் தன்பாட்டுக்கு அரைக்கலாம்.

இனி மூச்சு. நமக்கு மூக்கும் வாயும் தொண்டையில் ஒன்றாகச் சேர்கின்றன. ஓடி இளைத்தால் வாயைத் திறந்து காற்றை விழுங்குகிறோம். பேசிக்கொண்டே சாப்பிட்டால் பருக்கை தப்பான வழியில் போய்ப் புரையேறுகிறது. குதிரைக்கு இந்தப் பொதுவழி கிடையாது. அதன் மென்னண்ணம், அதாவது மேல்வாயின் பின்புற மெத்தென்ற சதை, மிக நீளமானது. தொண்டையில் திரைபோல் இறங்கி வாயைத் தனி அறையாக்கிவிடுகிறது. அந்தத் திரையின் பின்பகுதியில் ஒரு திறப்பு. குரல்வளையின் நுனி கீழிருந்து அந்தத் திறப்புக்குள் நுழைந்து, சட்டைத் துளையில் பொத்தான் மாட்டிக்கொள்வது போல், கச்சிதமாகப் பூட்டிக்கொள்கிறது. குரல்வளை மூடி மென்னண்ணத்தின் மேலே படிந்து நிற்கிறது. இதனால் மூக்கில் நுழைகிற காற்று வேறெங்கும் சிதறாமல் நேரே மூச்சுக்குழாய்க்குள் போகிறது. வாயில் என்ன நடந்தாலும் காற்றுக்குத் தெரியாது. குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் மூக்கால் மட்டுமே மூச்சு விடுவதன் காரணம் இதுதான்.

விழுங்கும் நேரத்தில் மட்டும் பூட்டு கழன்றாக வேண்டும். மென்னண்ணம் மேலே தூக்கிக்கொள்ளும், குரல்வளை மூடி சாய்ந்து காற்றுவழியை அடைக்கும், மூச்சு ஒரு கணம் நிற்கும், கவளம் உணவுக்குழாய்க்குள் வழுக்கிப் போகும். அடுத்த கணமே பொத்தான் திரும்ப மாட்டிக்கொள்ளும். அந்த ஒரு கணத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் மெல்லுவதும் மூச்சுவிடுவதும் தனித்தனியே நடக்கலாம். சார்லி தலையை உயர்த்தியதிலும் விஷயம் இருக்கிறது. கழுத்து மடங்கினால் தொண்டை குறுகும், தலை நீண்டு நிமிர்ந்தால் காற்றுவழி அகலும்.

இதில் நடையின் பங்கும் உண்டு. நாலுகால் பாய்ச்சலில் ஓர் அடிவீச்சுக்கு ஒரு மூச்சு என்று தாளம் கட்டிவிடும். உடம்பு நீளும்போது காற்று உள்ளே, முன்னங்கால்கள் தரையில் ஊன்றும்போது வெளியே. அந்த நிலையில் ஒரு தடவை விழுங்கினால் ஒரு மூச்சு போச்சு. வண்டிக்குதிரையின் வழக்கமான ஓட்டநடையில் தாளம் இவ்வளவு இறுக்கமில்லை. எனவே சார்லியின் ஆப்பிள் ஓட்டம் நம்பக்கூடியதுதான்.

பூட்டு தவறான நேரத்தில் கழன்றால்? பந்தயத்தின் நடுவே சில குதிரைகள் தொண்டையில் கொரகொரவென்று சத்தம் எழுப்பித் திடீரென்று வேகம் இழக்கும். ‘நாக்கை விழுங்கிவிட்டது’ என்று அதற்குக் காரணம் சொன்னார்கள், நாக்கைத் துணியால் கட்டினார்கள். ஓடும் பட்டையில் (ட்ரெட்மில்) குதிரையை ஓடவிட்டு, மூக்கு வழியே எண்டோஸ்கோப் குழாயைச் செலுத்திப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. மென்னண்ணம் குரல்வளை மூடிக்கு மேலே ஏறிக் காற்றை மறிக்கிறது. குதிரைத் தொண்டை பற்றிய இத்தகைய ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் பந்தயப் பணம்தான் உந்துதல். வண்டி இழுக்கிற குதிரையும் செங்கல் சுமக்கிற கழுதையும் இருமிச் செத்தால் அந்தப் பணம் எட்டிப் பார்க்காது. பொதுப்பணம் போக வேண்டியது அங்கேதான் என்று அழுத்தமாக நினைக்கிறேன்.

குதிரை வாயைச் சுற்றி இதைவிடக் கொடிய நம்பிக்கைகளும் இருந்தன. இளங்குதிரைக்குப் பல் மாறும் பருவத்தில், மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணம் சற்றே தடிப்பது இயல்பு. அதை நோய் என்று எண்ணி, 19ஆம் நூற்றாண்டில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். தீனி எடுக்காத குதிரைக்கு அதுவே வைத்தியமாம்! படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. அந்தக் காலத்தில்தான், 1890-இல் வந்த தன் புத்தகத்தில் பைபிளில் எசமானிடம் அடிபடுகிற பிலேயாமின் கழுதையைப் பற்றிச் சொல்ல வந்த எலன் வைட், தன் கையில் அகப்பட்டது என்பதற்காக ஒரு விலங்கை வதைப்பவன் கோழையும் கொடுங்கோலனும் ஆவான் என்று எழுதினார். அவருடைய இறையியலில் உடன்படாதவர்கள்கூட இந்த வரியில் உடன்படலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. புரையேறாது என்பதால் குதிரைக்கு ஆப்பிள் எங்கேயுமே அடைத்துக்கொள்ளாது என்று அர்த்தமில்லை. சரியாக மெல்லாத துண்டு உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும், குறிப்பாகப் பல் தேய்ந்த கிழக்குதிரைகளுக்கு. அப்போதும் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் எச்சிலும் தீனியும் மூக்கு வழியே வடியும். வாய்ப்பக்கம் திரை போட்டிருக்கிறதே, அதனால்தான் மூக்கு வழி. அப்படிக் கண்டால் தீனியையும் தண்ணீரையும் உடனே எடுத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அவர் மூக்கு வழியாகவே குழாயைச் செலுத்தி அடைப்பை எடுப்பார்.