தாய்லாந்தில் வசிக்கும் வெளிநாட்டினர்: ஊர்ப் பணத்துக்கும் வரி உண்டா?

தாய்லாந்தில் வேலை பார்க்கும், ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் வெளிநாட்டினரின் வரிக் கோப்புகளைப் பார்ப்பது என் தொழில். 2024-க்குப் பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி: "சார், அது நான் வெளியே சம்பாதித்த பணம். இங்கே எதற்கு வரி?" 2023 வரை இதில் ஓரளவு நியாயம் இருந்தது.

தாய்லாந்து வருவாய்ச் சட்டத்தின் 41-வது பிரிவு பல ஆண்டுகளாக அப்படியேதான் இருக்கிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஓர் ஆண்டில் மொத்தம் 180 நாள் அல்லது அதற்கு மேல் நாட்டில் தங்கினால் நீங்கள் வரி ரெசிடென்ட். தொடர்ந்து தங்க வேண்டும் என்பதில்லை, விட்டுவிட்டு வந்த நாட்களும் சேரும். ரெசிடென்ட் ஒருவர் வெளிநாட்டு வருமானத்தை தாய்லாந்துக்குள் கொண்டுவந்தால் அதற்கு வரி. ஆனால் பழைய விளக்கத்தின்படி, சம்பாதித்த அதே ஆண்டில் கொண்டுவந்தால்தான் வரி வந்தது. டிசம்பரில் வந்த வருமானத்தை ஜனவரி வரை வெளிநாட்டு வங்கியில் வைத்திருந்து பிறகு அனுப்பினால் போதும், வரி இல்லை. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

2023 செப்டம்பரில் வருவாய்த் துறை வெளியிட்ட 161/2566 என்ற உத்தரவு இந்த வழியை அடைத்துவிட்டது. 2024 ஜனவரி 1 முதல், எந்த ஆண்டு கொண்டுவந்தாலும் கொண்டுவந்த ஆண்டில் வரி. பலரும் பதறியதால் அதே ஆண்டு நவம்பரில் 162/2566 என்ற உத்தரவு வந்தது: 2024-க்கு முன் சம்பாதித்ததற்கு இந்தப் புதிய விளக்கம் பொருந்தாது. இந்த இரண்டாவது உத்தரவு பலருக்குப் பெரிய பாதுகாப்பு. அதைப் பயன்படுத்திக்கொள்ளக் காகிதம் வேண்டும் என்பதுதான் பலருக்கும் தெரியவில்லை.

2023 டிசம்பர் 31 அன்று உங்கள் வெளிநாட்டுக் கணக்குகளில் எவ்வளவு இருந்தது என்று காட்டும் வங்கி அறிக்கை உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். பழைய சேமிப்பு இருந்த அதே கணக்கில் இப்போதைய பென்ஷனும் வட்டியும் விழுந்துகொண்டிருந்தால், நீங்கள் அனுப்பிய 3 லட்சம் பாத் எந்தப் பணம் என்று நாளை யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. பழைய பணம் ஒரு கணக்கு, புது வருமானம் இன்னொரு கணக்கு. நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான், ஆனால் கேட்பவர்கள் குறைவு.

இன்னொரு நுணுக்கம். 161/2566 உத்தரவு பிடிப்பது நீங்கள் ரெசிடென்டாக இருந்த ஆண்டில் சம்பாதித்த வெளிநாட்டு வருமானத்தை. ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதன்முறையாக வந்து இறங்கியவருக்கு அந்த ஆண்டில் 153 நாள்தான் ஆகும். அந்த ஆண்டின் வெளிநாட்டு வருமானம் இதில் சிக்காது. வீட்டை விற்றோ பங்குகளை விற்றோ தாய்லாந்துக்குக் குடிபெயர நினைப்பவர்கள், எந்த ஆண்டில் விற்பது என்பதை விமான டிக்கெட் போடும் முன்பே யோசிப்பது நல்லது.

இப்போது இளைஞர்கள் பக்கம் வருவோம். சியாங் மாய் காபிக் கடைகளில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர்களில் பலர், "என் சம்பளம் ஊர்க் கணக்கில்தான் விழுகிறது, இங்கே ஒரு பைசா கொண்டுவரவில்லை" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இதுதான் நான் பார்ப்பதிலேயே ஆபத்தான நினைப்பு. உடல் தாய்லாந்தில் இருந்து செய்த வேலைக்கான சம்பளம், அதைக் கொடுக்கும் நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் பெர்லினில் இருந்தாலும், அது தாய்லாந்து வருமானம். வெளிநாட்டு வருமானமே இல்லை. பணத்தை உள்ளே கொண்டுவந்தாரா, 180 நாள் ஆனதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கே வேலையே இல்லை. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டு நிறுவனத்தின் ஊழியராக இருந்து, 183 நாளுக்குள் திரும்பிப் போனால் பெரும்பாலும் விலக்கு கிடைக்கும். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஆண்டு முழுவதும் தங்குகிறவருக்கு அந்தக் குடை கிடையாது.

2024 ஜூலையில் வந்த டிடிவி விசா இந்தக் குழப்பத்தைக் கூட்டிவிட்டது. 5 ஆண்டு விசா, ஒரு முறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். தொலைவில் இருந்து வேலை செய்பவர்களைக் கூப்பிடும் விசா என்பதால் வரியும் கிடையாது என்று சிலர் தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். டிடிவியில் எந்த வரிச் சலுகையும் இல்லை. சலுகை இருப்பது எல்டிஆர் எனப்படும் 10 ஆண்டு விசாவில். அதிலும் எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. வசதி படைத்தவர், வசதியான ஓய்வூதியர், தாய்லாந்தில் இருந்து வெளிநாட்டு வேலை செய்யும் வல்லுநர் ஆகிய மூன்று வகையினர் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு உண்டு. உயர்திறன் வல்லுநர் என்ற நான்காவது வகைக்கு, தாய்லாந்தில் வாங்கும் சம்பளத்தில் 17 சதவீத நிலையான வரி. எந்த வகையில் விண்ணப்பிக்கிறோம் என்று பார்த்துச் செய்யுங்கள்.

ஹுவா ஹின், பட்டாயா பக்கம் இருக்கும் ஓய்வூதியர்களின் கதை வேறு. ஓய்வூதிய விசாவைப் புதுப்பிக்க வங்கியில் 8 லட்சம் பாத் வைப்பு காட்டலாம், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்டலாம். மாத வருமானத்தைக் காட்டுகிறவர் ஆண்டுக்கு 7,80,000 பாத் உள்ளே கொண்டுவருகிறார் என்பதற்குத் தன் கையாலேயே சாட்சி எழுதிக் கொடுக்கிறார். குடிவரவு அலுவலகத்துக்குக் கொடுத்த அதே வங்கி அறிக்கையை வரித்துறை கேட்டால் என்ன சொல்வது?

சரி, வரி எவ்வளவு? அவருக்கு 60 வயது, தனி ஆள் என்று வைத்துக்கொள்வோம். 7,80,000-இல் செலவுக் கழிவு 1,00,000, சொந்தக் கழிவு 60,000 போக மீதி 6,20,000. முதல் 1,50,000-க்கு வரி இல்லை. அடுத்து 3,00,000 வரை 5 சதவீதம், 5,00,000 வரை 10, 7,50,000 வரை 15. மொத்தம் 45,500 பாத். இதே ஆளுக்கு 65 வயது முடிந்திருந்தால் கூடுதலாக 1,90,000 விலக்கு கிடைத்து, வரி 20,500 ஆகிறது. பயப்பட வேண்டிய தொகை இல்லை. பயந்துகொண்டு கணக்கே காட்டாமல் இருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆச்சரியம். அதிகபட்ச விகிதமான 35 சதவீதம் 50 லட்சம் பாத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்குத்தான்.

பென்ஷன் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். சோஷியல் செக்யூரிட்டி எனப்படும் அமெரிக்க அரசு ஓய்வூதியப் பணத்துக்கு, இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி அமெரிக்காவில் மட்டுமே வரி. பிரிட்டிஷ் அரசு ஊழியர் பென்ஷனுக்கும் பொதுவாக பிரிட்டனில்தான் வரி. ஆனால் பிரிட்டனில் பொதுமக்களுக்குக் கிடைக்கும் சாதாரண ஸ்டேட் பென்ஷனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பக்கத்து வீட்டு அமெரிக்கர் வரி கட்டவில்லை என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வெளிநாடு வாழ் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ வைப்புக்கான வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் அதை அசல் பணம் போலவே நினைத்து பாங்காக்குக்கு அனுப்புகிறார்கள். இந்தியாவில் வரி கட்டாததால் கழித்துக்கொள்ள அங்கே கட்டிய வரி எதுவும் கிடையாது, இங்கே முழு வரியும் வரும். சென்னை வீட்டு வாடகை அப்படியல்ல. வாடகைதாரர் டிடிஎஸ் பிடித்துக் கட்டியிருப்பார், நீங்களும் கணக்கு தாக்கல் செய்திருப்பீர்கள், அந்த வரியை இங்கே கட்ட வேண்டிய அளவுக்குள் கழித்துக்கொள்ளலாம். ஒரே சிக்கல், அங்கே ஏப்ரல் முதல் மார்ச், இங்கே ஜனவரி முதல் டிசம்பர். மாத வாரியாகப் பிரித்து எழுதி வைக்காவிட்டால் மார்ச் கடைசி வாரத்தில் என்னைப் போன்றவர்களுக்குத் தலைவலி.

அப்புறம், மனைவி பெயரில் அனுப்பினால் தப்பிக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. வாழ்க்கைத்துணைக்கோ பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ தரும் அன்பளிப்பில் ஆண்டுக்கு 2 கோடி பாத் வரை வரி விலக்கு உண்மைதான். ஆனால் அது உண்மையான அன்பளிப்பாக இருக்க வேண்டும். மனைவி கணக்குக்கு வந்த பணம் மறுநாளே உங்கள் வாடகைக்கும் கார் தவணைக்கும் போனால், அதை அன்பளிப்பு என்று வாதிட நான் வரமாட்டேன். வெளிநாட்டு அட்டையை வைத்து இங்குள்ள ஏடிஎம்மில் எடுப்பதும் பணத்தை உள்ளே கொண்டுவருவதுதான். வங்கி மாற்றம் மட்டும்தான் கணக்கு என்று நினைக்க வேண்டாம்.

2025-இல் இந்த விதியைத் தளர்த்தப் போவதாக, சம்பாதித்த ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ கொண்டுவந்தால் விலக்கு தரப் போவதாக, வருவாய்த் துறைத் தரப்பிலிருந்து பேச்சு வந்தது. அதை நம்பி பெரிய தொகையை அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில், அரசிதழில் அச்சாகி வந்த பிறகு பேசலாம் என்பதுதான்.

கணக்கு தாக்கலுக்குக் கடைசி நாள் மார்ச் 31. மின்வழியில் சில நாள் கூடுதலாகக் கிடைக்கும். சம்பளம் மட்டும் இருப்பவருக்கு பிஎன்டி 91 படிவம், வேறு வருமானமும் இருந்தால் பிஎன்டி 90 படிவம். வரி எண் இல்லாதவர்கள் பாஸ்போர்ட், முகவரிச் சான்றோடு உங்கள் பகுதி வருவாய் அலுவலகத்துக்கு முன்கூட்டியே போய் வாங்கிவிடுங்கள். தாமதமானால் கட்ட வேண்டிய வரியில் மாதம் 1.5 சதவீதம் கூடுதலாகச் சேரும்.