‘லெஸ்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன?

காரைக்குடியில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு பெண் ‘லெஸ்ட்’ (lest) என்ற இணைப்புச்சொல்லுக்கு ‘இல்லாவிட்டால்’ என்று எழுதியிருந்தாள். ‘நன்றாகப் படி, இல்லாவிட்டால் தோற்றுவிடுவாய்.’ கருத்து வந்துவிட்டது, சரி. ஆனால் ‘இல்லாவிட்டால்’ மிரட்டுகிறது; ‘லெஸ்ட்’ அஞ்சுகிறது. ‘தோற்றுவிடாதபடி நன்றாகப் படி’ என்றால்தான் அந்தக் கவலை தமிழிலும் வரும்.

பழைய ஆங்கிலத்தில் இது மூன்று சொற்கள்: ஏறத்தாழ ‘தீ லேஸ் தே’ என்று ஒலித்திருக்கும். ‘அது நடப்பது அதனால் குறையும்படி’ என்பது போன்ற பொருள். முதல் சொல் உதிர்ந்துபோக, கடைசிச் சொல்லின் ஒலி நடுச்சொல்லோடு ஒட்டி ‘லெஸ்ட்’ ஆனது. உள்ளே இருப்பது குறைவைக் குறிக்கும் அதே ‘லெஸ்’தான். ‘நடக்கக் கூடாது’ என்ற மறுப்பு சொல்லுக்குள்ளேயே இருப்பதால், பின்னால் இன்னொரு ‘நாட்’ போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். அடுத்து வரும் வினையோடு ‘ஷுட்’ சேரலாம், அல்லது வினை விகுதி ஏதும் ஏற்காமல் அப்படியே நிற்கலாம். ‘வில்’ சேராது. பிழை திருத்தும் கேள்விகளில் பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுதான்.

தமிழில் இதற்குத் தனிச்சொல் தேட வேண்டாம். வேலை முழுவதையும் வினையே செய்துவிடுகிறது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தில் ‘லெஸ்ட்’ வரும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஆதியாகமம் 3:3 தமிழில் ‘சாகாதபடிக்கு’. உபாகமம் 6:12 ‘மறவாதபடிக்கு’. ‘லெஸ்ட் வீ ஃபர்கெட்’ என்று ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங் 1897இல் எழுதிய வரி பிறகு போர் நினைவுச் சின்னங்களில் ஏறியது. அதைக் கல்லில் வெட்ட நான் ‘மறவாவண்ணம்’ என்று எழுதுவேன். ஆங்கிலச் சொல்லின் மிடுக்குக்கு ‘வண்ணம்’ ஈடுகொடுக்கும். அன்றாடக் கடிதத்துக்கு ‘மறந்துவிடாதபடி’ போதும்.

அஞ்சுதல் என்ற வினைக்குப் பின்னால் ‘லெஸ்ட்’ வந்தால் மட்டும் இது பொருந்தாது. ‘மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தான்’ என்று ஓகாரத்தைப் போட வேண்டும். அந்த ஒரு ‘ஓ’வில் அச்சம் முழுவதும் இருக்கிறது.

அப்புறம் பேச்சுத்தமிழ். என் அப்பத்தா வளவில் வற்றல் காயப்போட்டுவிட்டு, ‘காக்கா கொத்திறப் போகுது, பாத்துக்க ஆத்தா’ என்பார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் கழுவிவிட்ட அன்றைக்கு, ‘விழுந்துறப் போற, மெதுவா வா.’ வடிவத்தில் எதிர்காலம். ஆனால் விழுவேன் என்று அவர் ஆரூடம் சொல்லவில்லை, விழக்கூடாதே என்று பதறுகிறார். ‘லெஸ்ட்’டுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. அகராதிகள் இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்: ‘எங்க ஆயா, சாவி தொலைஞ்சிறப் போகுதுன்னு முந்தியிலயே முடிஞ்சு வச்சிருப்பாக.’