வரத்துக்கால் வரைபடத்தில் இருக்கிறதா? மண்டலத் திட்டம் பற்றிச் செட்டிநாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மனை வாங்குகிறவர்கள் முதலில் பட்டாவைக் கேட்கிறார்கள், அடுத்து வில்லங்கச் சான்று. விவரம் தெரிந்தவர் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் உண்டா என்று விசாரிப்பார். மழைத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், அதைக் கண்மாய்க்கு (ஏரிக்கு) கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் எங்கே என்று கேட்பவர் அபூர்வம்.

அந்தக் கேள்வியை அரசு கேட்டாக வேண்டிய இடம்தான் மண்டலத் திட்டம். 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, பல ஊர்கள் சேர்ந்த ஒரு பெரும்பரப்பில் குடியிருப்பு, தொழில், விவசாயம், காடு, சாலை, நீர்நிலை எங்கெங்கே இருக்கலாம் என்பதை அது வகுக்கிறது. ஒரு நகரத்துக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்குமானது முழுமைத் திட்டம். உங்கள் சர்வே எண்ணில் என்ன கட்டலாம் என்பது பெரும்பாலும் இதில்தான் முடிவாகிறது. காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டதால், சுற்றுவட்டாரத்துக்காரர்களும் இனி இதைக் கவனித்தாக வேண்டும்.

திட்டம் வரைய அடிப்படையாக மண், நிலத்தடி நீர், நிலப்பயன் குறித்த வள வரைபடங்கள் உதவுகின்றன. இஸ்ரோ 2009இல் தொடங்கிய ‘புவன்’ இணையதளத்தில் செயற்கைக்கோள் வழி வரைந்த நிலப்பயன் வரைபடங்களை யாரும் பார்க்கலாம். அவற்றுக்குச் சட்ட வலு இல்லை, திட்டத்துக்குத்தான் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

நம் வட்டாரத்துக்கு இந்த வரைபடங்கள் ஏன் முக்கியம்? இங்கே வற்றாத ஆறு கிடையாது. ஒரு கண்மாய் நிறைந்தால், உபரிநீர் வழியும் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும், குடிக்க ஊருணி. முற்றத்தில் விழும் மழையை அண்டாவில் பிடித்தவர்கள் நம் ஆட்கள். செம்புராங்கல்லுக்கு அடியில் உள்ள மணற்கல் அடுக்குகளில் மழைநீர் இறங்கித் தங்குகிறது. காரைக்குடியின் குடிநீருக்குப் பெயர்போன சம்பை ஊற்றும் நிலத்தடி நீர்தான். மழை இறங்கும் மேட்டுநிலம் எது என்று வள வரைபடம் காட்டினால், அங்கே கான்கிரீட் நெருக்கத்தைத் தவிர்க்கும்படி திட்டத்தில் எழுத முடியும்.

ஆனால் ஒரு சிக்கல். நாடு முழுவதற்குமான நிலப்பயன் வரைபடங்கள் பெரும்பாலும் 1:50,000 அளவில் வரையப்பட்டவை. வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 500 மீட்டர். கண்மாய் தெரியும். ஐந்து மீட்டர் அகல வரத்துக்கால் 0.1 மில்லிமீட்டர், மயிர்க்கோடு! நான்கு வருடம் மழை பொய்த்துக் கருவேலம் மண்டினால் செயற்கைக்கோளுக்கும் அது புதர்தான். வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய் வெறும் பள்ளம். அப்புறம் அதையும் ‘தரிசு’ என்று வண்ணம் தீட்டுவது எளிது.

இதற்கு எதிரான ஆதாரம் வருவாய்த் துறையிடமே இருக்கிறது. கிராமத்தின் நில விவரங்கள் அடங்கிய ‘அ’ பதிவேட்டில் புறம்போக்கின் வகையைப் பாருங்கள்: குளமா, ஓடையா, வாய்க்காலா என்று எழுதியிருக்கும். அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தில் அதன் அளவுகள் கிடைக்கும். இரண்டையும் தமிழக அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

திட்ட வரைவு வந்ததும் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வெளியாகும். ஆட்சேபம், ஆலோசனை தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். அதைத் தவறவிட்டால், பிறகு ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நிலப்பயன் மாற்றம் கேட்டு அலைய வேண்டியதுதான். ‘எங்கள் ஊர் நீர்வளம் அழிகிறது’ என்று நான்கு பக்கம் புலம்பி எழுதினால் எடுபடாது. இந்தச் சர்வே எண் பதிவேட்டில் வாய்க்கால், வரைவில் குடியிருப்பு என்று இரண்டே வரி எழுதி, புலப்பட நகலை இணைத்து அனுப்புங்கள். ஆட்சேபம் எழுத்தில் இருக்க வேண்டும்; யாரும் தரலாம். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் இருப்பவரும் தரலாம்.