‘தன்னைத்தானே கம்பைல் செய்துவிட்டது’ என்பது போர்ட் முடிந்ததற்குச் சான்று அன்று

சென்ற மாதம் இளம் பொறியாளர் ஒருவர் மடிக்கணினியோடு வந்து என் எதிரே அமர்ந்தார். அவருடைய நிறுவனம் தன் சொந்தப் பயன்பாட்டுக்கென ஒரு சிறு நிரல்மொழியை வைத்திருக்கிறது. லினக்ஸில் பல ஆண்டுகளாக ஓடிவரும் அதன் கம்பைலரை (மூலநிரலை இயந்திர நிரலாக மாற்றும் மென்பொருளை), யுனிக்ஸ் வழிவந்த மற்றோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓடும்படி மாற்றியமைக்கும், அதாவது போர்ட் செய்யும், பொறுப்பு அவரிடம் வந்திருந்தது. அந்த மொழியிலேயே எழுதப்பட்ட கம்பைலர் தன்னைத்தானே கம்பைல் செய்துகொண்டது, வணக்கம் அச்சிடும் நிரல் ஓடியது, ‘ஃப்ரீபிஎஸ்டி ஆதரவு தயார்’ என்று அறிவிப்பும் வெளியாகிவிட்டது. ஆனால் ஒரு கோப்பின் அளவைக் கேட்டால் அபத்தமான எண் வந்தது. கோப்பில் ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்காமல் அதன் நேரக்குறியை மட்டும் புதுப்பிக்கும் டச் கட்டளையைக் கொடுத்தாலும் அளவு மாறியது. ஒரு முறை 41 கோடி பைட் என்றது, அடுத்த முறை 90 கோடி பைட் என்றது. எத்தனை முறை ஓட்டினாலும் 100 கோடியை மட்டும் அது தாண்டவே இல்லை.

ஒரு நொடிக்கு 100 கோடி நானோநொடி. அந்த வரம்பைப் பார்த்தவுடனேயே எனக்கு ஐயம் எழுந்தது. கோப்பின் விவரங்களை இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலிடம் கேட்கும் ஸ்டாட் அழைப்புக்கான ஸ்ட்ரக்டை (விவரங்கள் வரிசையாக வந்து அமரும் நினைவகக் கட்டமைப்பை) அவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டேன்; பழைய திட்டம் ஒன்றிலிருந்து நகலெடுத்ததாகச் சொன்னார். 2018 டிசம்பரில் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 12இல் ஐநோடு எண் (கோப்பு ஒவ்வொன்றுக்கும் கோப்பு முறைமை தரும் அடையாள எண்) 32 பிட்டிலிருந்து 64 பிட்டாக விரிந்தது. அதோடு அந்த ஸ்ட்ரக்டின் அமைப்பு முழுவதுமே மாறியது. 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் பழைய ஸ்ட்ரக்டின் நீளம் 120 பைட், புதியதன் நீளம் 224 பைட். பழையதில் கோப்பின் அளவு 72ஆம் பைட்டில் தொடங்கும். புதியதில் அதே 72ஆம் பைட்டில் இருப்பது, கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தின் நானோநொடிப் பகுதி. அவருடைய மொழி அந்த நானோநொடியைத்தான் ‘கோப்பின் அளவு’ என்று பயனருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைவிட அஞ்ச வேண்டியது வேறொன்று: 120 பைட்டுக்கு ஒதுக்கிய இடத்தில் 224 பைட் எழுதப்படுவதால், ஒவ்வொரு அழைப்பின்போதும் பக்கத்திலிருந்த 104 பைட் நினைவகம் சத்தமின்றி அழிந்துகொண்டிருந்தது.

தன்னைத்தானே கம்பைல் செய்தபோது இந்தக் குறை ஏன் வெளிப்படவில்லை என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. கம்பைலர் மூலக்கோப்பைத் திறந்து, அது முடியும்வரை படித்துக்கொண்டே போகிறது. கோப்பின் அளவை அது கேட்பதே இல்லை. கோப்பைப் படிப்பது, நினைவகம் கேட்பது, கோப்பை எழுதுவது என்ற மூன்று வேலைகளுக்கு அப்பால் இத்தகைய சிறு கம்பைலர்கள் இயங்குதளத்திடம் அதிகம் எதையும் கேட்பதில்லை. இழைகள், சிக்னல்கள், வலைத்தொடர்பு, கோப்பகங்களைப் பட்டியலிடுவது, நேரக் கணக்கு ஆகியவற்றைத் தொடுபவை அந்த மொழியில் எழுதப்படும் நிரல்கள். ஆகவே தன்னைக் கம்பைல் செய்துகொண்ட கம்பைலர், போர்ட்டின் மிக எளிய பகுதி சரியாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று.

இந்த ஆண்டில் இதே வேரிலிருந்து முளைத்த சிக்கலோடு என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாமவர். மூவருமே திறமைசாலிகள், மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: ‘எல்லாம் யுனிக்ஸ்தானே, பாசிக்ஸ் தரநிலை இருக்கிறதே.’ இந்த நம்பிக்கையைப் பற்றிச் சற்று நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது.

பாசிக்ஸ் என்பது யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரநிலை. அது தருவது பெயர்களை. இந்தப் பெயரில் ஒரு செயற்கூறு இருக்கும், இந்தப் பெயரில் ஒரு பிழைக்குறி இருக்கும், இந்த ஸ்ட்ரக்டில் இன்னின்ன பெயருள்ள உறுப்புகள் இருக்கும் என்று அது சொல்கிறது. அந்தப் பிழைக்குறியின் எண் எது, அந்த உறுப்பு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, அதன் அகலம் எவ்வளவு என்பவற்றை அது ஒவ்வோர் இயங்குதளத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. சி மொழியில் எழுதுபவருக்கு இது தெரியவேண்டிய தேவையே வருவதில்லை. சி கம்பைலர், இயங்குதளத்தின் வரையறைகள் அடங்கிய அந்தக் கணினியின் ஹெடர் கோப்புகளைப் படித்து, பெயர்களுக்குரிய எண்களை அங்கேயே எடுத்துக்கொள்கிறது. ‘சி நிரல் மறுகம்பைல் செய்தவுடன் ஓடுகிறதே, என் மொழி ஏன் ஓடாது’ என்று கேட்பவர்கள் இந்த ஓர் இடத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். உங்கள் மொழி அந்த ஹெடர் கோப்புகளைப் படிப்பதில்லை. அவற்றில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் யாரோ ஒருவர் உங்கள் மொழியின் ரன்டைமில் (நிரல் ஓடும்போது துணைநிற்கும் அடிப்படை நூலகத்தில்) கையால் எழுதி வைத்திருக்கிறார், அல்லது ஒரு கருவியைக் கொண்டு உருவாக்கியிருக்கிறார். போர்ட் செய்பவர் உண்மையில் செய்வது அந்த அட்டவணையைப் புதிதாக எழுதும் வேலை. அதை லினக்ஸ் கோப்பிலிருந்து நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால், கம்பைலர் எந்த எச்சரிக்கையும் தராது. எண் தவறு என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ‘இப்போது இயலாது, பிறகு முயல்க’ என்று பொருள்படும் ஈஅகெய்ன் பிழையின் எண் லினக்ஸில் 11, ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி ஆகியவை அடங்கிய பிஎஸ்டி குடும்பத்தில் 35. பூட்டுகளின் முட்டுக்கட்டையைக் குறிக்கும் ஈடெட்லாக் பிழையின் எண் லினக்ஸில் 35, பிஎஸ்டியில் 11. இரண்டும் நேர் எதிராக இடம் மாறி இருக்கின்றன. லினக்ஸ் அட்டவணையோடு பிஎஸ்டியில் ஓடும் ரன்டைம், வலைத்தொடர்புக்கான சாக்கெட்டில் தரவு இன்னும் வரவில்லை என்ற சாதாரணச் செய்தியை முட்டுக்கட்டை என்று படிக்கும். இப்படி ஒரு பிழைச் செய்தியை நம்பி, தம் நிரலில் இல்லாத ஒரு பூட்டை மூன்று நாள் தேடியவரை நான் அறிவேன். இணைப்பு அவகாசம் முடிந்தது என்பதற்கான எண் லினக்ஸில் 110, பிஎஸ்டியில் 60. ஹைக்கூ என்னும் இயங்குதளத்திலோ பிழை எண்கள் அனைத்தும் எதிர்மக் குறியோடு வரும். ‘பிழை எண் எப்போதும் நேர்ம எண்’ என்று எண்ணி எழுதிய ரன்டைம் அங்கே முதல் பிழையிலேயே தடுமாறும்.

அந்தப் பிழை எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒற்றுமை கிடையாது. சி மொழியின் அடிப்படை நூலகமான லிப்சியில் அதன் முகவரியைத் தரும் செயற்கூறுக்கு லினக்ஸில் ‘எர்நோ லொகேஷன்’ என்று பெயர், ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்ஓஎஸ்ஸிலும் ‘எரர்’, ஓப்பன்பிஎஸ்டியிலும் நெட்பிஎஸ்டியிலும் ‘எர்நோ’. எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு அடிக்கோடுகள். இல்லூமோஸ் என்னும் இயங்குதளத்தில் அதே ‘எர்நோ’வுக்கு மூன்று அடிக்கோடுகள். இதில் தவறினால் நிரல் இணைக்கப்படும்போதே தெரிந்துவிடும், ஆகவே இது அஞ்சத்தக்கது அன்று. இணைப்பில் பிடிபடாத எண்களே நம் தூக்கத்தைக் கெடுப்பவை.

அடுத்தது, கெர்னலை நேரடியாக அழைக்கும் பழக்கம். சிஸ்டம் கால் எண்ணை (கெர்னலின் ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணை) செயலியின் ரெஜிஸ்டரில் வைத்து அழைத்தால் ஆண்டுகள் கடந்தாலும் வேலை செய்யும் என்ற உறுதியை லினக்ஸ் தருகிறது. லினக்ஸிலேயே வளர்ந்தவர்கள் அதை எல்லா இயங்குதளங்களுக்கும் உரிய இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓப்பன்பிஎஸ்டியிலும் மேக்ஓஎஸ்ஸிலும் அந்த உறுதி கிடையாது. அங்கே கெர்னலும் லிப்சியும் ஒரே கூரையின் கீழ் உருவாகி ஒன்றாக வெளியாகின்றன. நிரல்களுக்கான வாசல் லிப்சி மட்டுமே. 2014இல் வந்த ஓப்பன்பிஎஸ்டி 5.5, எல்லாக் கணினி வகைகளிலும் நேரத்தைக் குறிக்கும் எண்ணை 64 பிட்டாக மாற்றியது. ஏற்கெனவே கம்பைல் செய்த பழைய பைனரிகள் உடையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. 32 பிட் நேர எண் 2038இல் நிரம்பிவழியும் சிக்கலை அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்தார்கள். 2016இல் மேக்ஓஎஸ் சியராவில் நேரம் கேட்கும் அழைப்பின் உள்நடைமுறை மாறியபோது, அதை நேரடியாக அழைத்துக்கொண்டிருந்த கோ மொழி நிரல்கள் சரிந்தன. அதன் பிறகு 2019இல் வந்த கோ 1.12, மேக்ஓஎஸ்ஸின் சிஸ்டம் நூலகத்தின் வழியாகவே அழைக்கத் தொடங்கியது. 2021இல் வந்த கோ 1.16, ஓப்பன்பிஎஸ்டியின் 64 பிட் இன்டெல், ஆர்ம் வகைகளிலும் அதே வழிக்கு மாறியது. 2024 ஏப்ரலில் வெளியான ஓப்பன்பிஎஸ்டி 7.5, எண்ணைக் கொடுத்து எந்தச் சிஸ்டம் காலையும் அழைக்கும் பொதுவாசலை நீக்கிவிட்டது. எந்த அழைப்பு நினைவகத்தில் எந்த முகவரியிலிருந்து வரலாம் என்பதையும் கெர்னலே சரிபார்க்கத் தொடங்கியது. ஊடுருவுபவர்களைத் தடுப்பதற்கான காப்பு அது. நேரடியாக அழைக்கும் உங்கள் ரன்டைமும் கெர்னலின் கண்ணில் ஊடுருவல்தான். இத்தனை நடந்த பிறகும் 2014க்கு முந்தைய அறிவுரையை வைத்துக்கொண்டு ஒருவர் அசெம்பிளியில் எண்களை எழுதத் தொடங்கினால், எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது.

ஃப்ரீபிஎஸ்டி இந்த வகையில் சற்று இரக்கமுள்ளது. பழைய பைனரிகளுக்காகப் பழைய ஸ்டாட்டை ‘எஃப்பிஎஸ்டி 1.0’ என்ற பதிப்புக் குறியோடு லிப்சியில் இன்றும் வைத்திருக்கிறது. ஆனால் இன்று புதிதாக இணைக்கப்படும் நிரலுக்குப் புதிய ஸ்டாட்தான் கிடைக்கும். பழைய ஸ்ட்ரக்டும் புதிய ஸ்டாட்டும் சேர்ந்ததுதான் நம் இளைஞரின் கதை. ரஸ்ட் மொழியும் இதே இடத்தில் மாட்டிக்கொண்டது. அதன் லிப்சி நூலகத்தில், பழைய அமைப்பைப் பயன்படுத்தும் வரை பழைய பதிப்புக் குறியுள்ள ஸ்டாட்டையே பெயர் சொல்லி இணைக்குமாறு எழுதித்தான் அதைச் சமாளித்தார்கள். பெரிய குழுக்களுக்கே இது நேர்ந்தது என்பதால், தனியாளாகப் போர்ட் செய்பவர் இன்னும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

இலகு இழைகளைத் தாமே நடத்தும் மொழிகளுக்கும், ஓடும்போதே இயந்திர நிரலை உருவாக்கும் மொழிகளுக்கும் ஓப்பன்பிஎஸ்டியில் மேலும் இரண்டு தடைகள் உண்டு. 2018இல் வந்த 6.4 முதல், ஸ்டாக் (செயற்கூறு அழைப்புகளின் தற்காலிகத் தரவு இருக்கும் இடம்) என்று குறித்துப் பெற்ற நினைவகத்தில் மட்டுமே ஸ்டாக் சுட்டி இருக்கலாம். நிரல் வேண்டும்போது பெறும் பொது நினைவகமான குவியலிலிருந்து எடுத்த இடத்தை ஸ்டாக்காகப் பயன்படுத்தும் ரன்டைம் கெர்னலுக்குள் நுழையும்போது கொல்லப்படும். எழுதவும் இயக்கவும் ஒருங்கே அனுமதியுள்ள நினைவகப் பக்கங்களும் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. இவற்றைத் தொல்லை என்று வைவதைவிட, வடிவமைப்பின்போதே ஏற்றுக்கொள்வது நல்லது. ஓடும் நிரல் தன் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கும் அங்கே நேரடி வழி கிடையாது. லினக்ஸில் அதற்கு உதவும் ப்ராக் கோப்பகத்தைத் தேடாதீர்கள், அது அங்கே இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? எண்ணையும் ஸ்ட்ரக்டையும் எங்கிருந்தும் நகலெடுக்காதீர்கள். போர்ட் செய்யப்போகும் கணினியிலேயே ஒரு சிறிய சி நிரலை ஓட்டி, ஒவ்வொரு ஸ்ட்ரக்டின் நீளத்தையும் ஒவ்வோர் உறுப்பின் தொடக்க இடத்தையும் அச்சிட்டு, அந்த வெளியீட்டிலிருந்தே உங்கள் அட்டவணையை உருவாக்குங்கள். அந்தச் சி நிரலையும் களஞ்சியத்தில் சேர்த்து வையுங்கள். அடுத்த பதிப்பு வந்ததும் மறுபடி ஓட்டி வேறுபாட்டைப் பார்க்கலாம். எந்த இயங்குதளப் பதிப்பில் எடுத்த எண்கள் என்பதைக் கோப்பின் தலையிலேயே எழுதுங்கள். லிப்சி வழியாகவே அழையுங்கள். வேலையைத் தொடங்கும் முன் அந்த இயங்குதளத்துக்காகப் பிற மென்பொருள்களைத் தகவமைத்து வைத்திருக்கும் போர்ட்ஸ் தொகுப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் கம்பைலருக்கு யாரோ ஒருவர் ஏற்கெனவே ஒட்டுகள் (சிறு திருத்தங்கள்) எழுதிப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வரக்கூடும். அவருக்கு ஒரு கடிதம் எழுதினால் உங்கள் ஒரு மாத உழைப்பு மிச்சமாகும். மொழியின் சோதனைத் தொகுப்பு முழுவதையும் அந்த இயங்குதளத்திலேயே ஓட்டுங்கள். லினக்ஸில் இருந்தபடியே அந்த இயங்குதளத்துக்கெனக் குறுக்குக் கம்பைல் செய்து பைனரி உருவாகிவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். தோல்வியுறும் சோதனைகளை ‘இந்த இயங்குதளத்தில் தவிர்க்க’ என்று குறித்துவிட்டு நகர்வதை, தயவுசெய்து, பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்; அந்த ஸ்டாட் சோதனையும் அப்படித்தான் தவிர்க்கப்பட்டிருந்தது.

நிறுவனங்களின் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓப்பன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒரு முறை செய்து முடித்த போர்ட், கவனிக்க ஆளில்லாவிட்டால் இரண்டு பதிப்புகளுக்குள் உடையக்கூடும். கோ திட்டம் புதிய போர்ட்டை ஏற்க, அதைப் பராமரிக்கக் குறைந்தது இருவர் முன்வர வேண்டும், தொடர்ந்து சோதனை ஓட்ட ஒரு கணினியும் வேண்டும் என்று கேட்கிறது. ரஸ்ட் தன் ஆதரவை மூன்று அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது; மூன்றாம் அடுக்கில் நிரல் மட்டும் இருக்கும், தானியங்கிச் சோதனை இருக்காது. ஓப்பன்பிஎஸ்டி அங்கே மூன்றாம் அடுக்கில்தான் இருக்கிறது, அதை அவர்கள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். நீங்களும் ‘ஆதரவு தயார்’ என்று ஒற்றைச் சொல்லில் அறிவிக்காமல், எந்தப் பதிப்பில், எந்தக் கணினி வகையில், எந்தச் சோதனைகள் தேறின என்று எழுதுங்கள். உங்கள் அறிவிப்பை நம்பித்தான் ஒருவர் தம் தரவை அந்த நிரலிடம் ஒப்படைக்கிறார்.

அந்த இளைஞர் அன்று மாலையே சி நிரலை எழுதி, 17 ஸ்ட்ரக்டுகளைச் சரிபார்த்தார். கோப்பகப் பட்டியலுக்கான ஸ்ட்ரக்டும் அதே ஐநோடு மாற்றத்தில் மாறியிருந்ததைக் கண்டு அதையும் திருத்தினார். அறிவிப்பைத் திரும்பப் பெறும்படி மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கினார். 104 பைட் நினைவகம் ஒவ்வோர் அழைப்பிலும் அழிகிறது என்பதை அப்படியே எழுதி அனுப்பச் சொன்னேன். மறுநாள் அறிவிப்பு நீக்கப்பட்டது.