போனில் பிடிபடாத திகதி அட்டவணைகள்: இணையப் பக்கம் செய்வோர் கவனத்திற்கு

சிறுபோக நெற்செய்கையின் ஆரம்பக் கூட்டம் முடிந்ததும் தீர்மானங்கள் அட்டவணையாக வெளிவரும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் என்று குளங்கள் கீழ்நோக்கி இருக்கும். விதைப்புத் தொடக்கம், விதைப்பு முடிவு, எத்தனை மாத நெல், முதல் நீர், கடைசி நீர், கால்நடைகளை அப்புறப்படுத்தும் திகதி என்பவை மேலே குறுக்காக இருக்கும். குளத்தின் பெயரோடு சேர்த்தால் ஏழு நிரல்கள். அச்சிட்டு கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டும்போது இதில் ஒரு குறையும் தெரியாது. அதையே இணையப் பக்கத்தில் ஏற்றினால், வயல் வரம்பில் நிற்பவரின் போனில் பாதி நிரல்கள் திரைக்கு வெளியே போய்விடும். எந்தத் திகதி எதற்குரியது என்று தெரியாமல் பிந்தி விதைத்தவரின் வயலில், கதிர் முற்றும் முன்பே வாய்க்கால் தண்ணீர் நின்றுவிடலாம். அட்டவணை போடுகிறவர் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இணையப் பக்கம் செய்யும் மென்பொருளான ட்ரீம்வீவரில் இன்சர்ட் மெனுவில் டேபிளை அழுத்தியதும் முதலில் கேட்பதே எத்தனை நிரை, எத்தனை நிரல் என்பதுதான். இணையத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் டேபிள் பிளாக்கும் இதையே கேட்கும். பலர் கையிலுள்ள தாளைப் பார்த்து எண்ணி அப்படியே போட்டுவிடுகிறார்கள். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. சாதாரண போன் திரையின் அகலம் வடிவமைப்புக் கணக்கில் சுமார் 360 பிக்சல். ஏழு நிரல்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 51 பிக்சல் வரும். "அப்புறப்படுத்தல்" போன்ற தமிழ்ச் சொல் அதற்குள் அடங்காது. பிரவுசர் ஒரு நிரலை அதிலுள்ள மிக நீளமான சொல்லுக்குக் குறைவாகச் சுருக்காது. அதனால்தான் அட்டவணை திரையைத் தாண்டி வழிகிறது.

உன்னிச்சைக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவருக்கு நவகிரியின் திகதி தேவையில்லை. ஆகவே குளத்துக்கு ஓர் அட்டவணை போடுங்கள். இடது நிரலில் வேலை, வலது நிரலில் திகதி, அவ்வளவுதான். நிரைகள் கூடினால் பிரச்சினை இல்லை, போனில் கீழே தள்ளிப் படிப்பது எல்லோருக்கும் பழக்கம். எல்லாக் குளங்களையும் ஒப்பிட வேண்டிய உத்தியோகத்தர்களுக்குப் பெரிய அட்டவணையைத் தனியாகக் கொடுக்கலாம். அதை ஒரு டிவ் பெட்டிக்குள் (பக்கத்தின் ஒரு பகுதியைச் சுற்றி வைக்கும் குறிக்குள்) வைத்து, அந்தப் பெட்டிக்கு சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியில்) ஓவர்ஃப்ளோ-எக்ஸ் என்பதை ஆட்டோ என்று கொடுத்தால், பக்கம் அசையாது, அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும்.

ட்ரீம்வீவரில் நிரை, நிரல் கேட்கும் அதே பெட்டியில் ஹெடர் என்று நான்கு தெரிவுகள் உண்டு: நன், லெஃப்ட், டாப், போத். இதைக் கவனிக்காமல் நன் என்று விட்டுவிட்டு, பிறகு முதல் நிரையைத் தடித்த எழுத்தாக்கி நிறம் பூசுவது பரவலான பழக்கம். கண்ணுக்குத் தலைப்புப் போலத் தெரிந்தாலும், உள்ளே அது வெறும் கலம். பார்வையற்ற ஒருவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்திக் கலம் கலமாக நகரும்போது "ஏப்ரல் 5" என்று மட்டுமே கேட்கும். எதற்குரிய ஏப்ரல் 5? போத் என்பதைத் தெரிவு செய்திருந்தால் மேல் நிரையும் இடது நிரலும் உண்மையான தலைப்புக் கலங்களாகும், எவை எந்தத் திசைக்குத் தலைப்பு என்ற ஸ்கோப் குறிப்பும் சேர்ந்துவிடும். "விதைப்பு முடிவு, ஏப்ரல் 5" என்று வாசிக்க அதுதான் வழி. கேப்ஷன் கட்டத்தில் குளத்தின் பெயரையும் போகத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். வேர்ட்பிரஸில் பிளாக்கைத் தெரிவு செய்து, வலது பக்கப் பலகையில் ஹெடர் செக்‌ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும் ஃபிக்ஸ்ட் வித் தெரிவு எல்லா நிரல்களையும் ஒரே அகலமாக்கும். தமிழ்ச் சொற்கள் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போனால் அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது, மவுஸால் நிரல் கோட்டை இழுப்பது. ட்ரீம்வீவரின் டிசைன் வியூவில் கோட்டைப் பிடித்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் பிக்சல் அளவுகளைப் பக்கத்தின் குறிமுறைக்குள் எழுதிவைக்கிறது. உங்கள் திரையில் சரியாக நிற்கும் அந்த அளவுகள் போனிலும் விடாப்பிடியாக நிற்கப் பார்க்கும். ஏற்கெனவே இழுத்திருந்தால் அட்டவணையைத் தெரிவு செய்யுங்கள். அதன் அகலத்தைக் காட்டும் பச்சைக் கோட்டிலுள்ள சிறிய அம்பை அழுத்தி கிளியர் ஆல் வித்ஸ் கொடுங்கள். அட்டவணைக்கு 100 வீதம் என்று ஓர் அகலம் போதும். செல் பாடிங், செல் ஸ்பேசிங் கட்டங்களையும் வெறுமையாக விடலாம். அவை இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் 5 இல் வழக்கொழிந்தவை, இடைவெளியை சிஎஸ்எஸ்ஸில் கொடுப்பதே முறை.

வேர்டிலிருந்து ஒட்டும்போது இரண்டு தொல்லைகள் சேர்ந்தே வரும். ஒன்று, வேர்டின் எழுத்துரு, நிறம், அகலம் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். ட்ரீம்வீவரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி அழுத்தி, டெக்ஸ்ட் வித் ஸ்ட்ரக்சர் என்ற தெரிவில் ஒட்டினால் அட்டவணை அமைப்பு மட்டும் வரும். மற்றது பாமினி. நம்முடைய அலுவலகக் கோப்புகள் பல இன்னும் அந்த எழுத்துருவில்தான் இருக்கின்றன. பாமினி தமிழ் எழுத்தின் உருவத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் வைத்திருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத போனில் முழு அட்டவணையும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தேடலிலும் அகப்படாது. முதலில் எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு முறை வாசித்துப் பார்த்து, பிறகே ஒட்டுங்கள். எக்செலிலிருந்து டேபிள்பிரஸ் போன்ற வேர்ட்பிரஸ் செருகுநிரலுக்கு ஏற்றுவதானால் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற வகையில் சேமிக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

கலங்களை ஒன்றிணைக்கும் ஆசையையும் விட்டுவிடுவது நல்லது. மூன்று வேலைகளுக்கு ஒரே திகதி என்றால் அந்தத் திகதியை மூன்று தரம் எழுதுங்கள். நாளை ஒன்று மட்டும் மாறினால் ஒன்றை மட்டும் திருத்தலாம். திகதியை 04.05 என்று (ஏப்ரல் 5 ஆ, மே 4 ஆ?) எழுதாமல் மாதத்தின் பெயரோடு எழுதுங்கள். முடிவாகாத திகதிக்குக் கலத்தை வெறுமையாக விடாமல் "பின்னர் அறிவிக்கப்படும்" என்று போடுங்கள்.

ஏற்றுமுன் குரோமில் எஃப் 12 அழுத்தி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் கொடுத்து, அகலத்தை 360 ஆக்கிப் பாருங்கள். எழுத்தெல்லாம் எறும்பளவில் தெரிந்தால் பக்கத்தின் தலைப்பகுதியில், திரையின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி விடுபட்டிருக்கிறது. அதோடு நின்றுவிடாமல் உண்மையான ஒரு போனிலும் திறந்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து அங்கே தெரியாது.

அறிவித்தலைப் படமெடுத்துப் பக்கத்தில் போடுவதை அட்டவணைக்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். நீர் விடும் திகதி பிற்போடப்படும்போது வட்ஸ்அப்பில் ஏற்கெனவே சுற்றும் பழைய படத்தை யாராலும் திருத்த முடியாது. பக்கத்தில் உண்மையான அட்டவணை இருந்தால் ஒரு கலத்தை மாற்றி, கேப்ஷனில் "திருத்தப்பட்டது" என்று திகதியோடு சேர்த்து, அதே இணைப்பை வயல்வெளிப் பொறுப்பாளரான வட்டை விதானைக்கும் விவசாய அமைப்புகளுக்கும் மறுபடி அனுப்பிவிடலாம்.